மூன்றாவது கட்டம்

அண்ணனுக்குக் குடலிறக்க அறுவை சிகிச்சை. முதல் நாள் மருத்துவமனையில் கொடுத்த படிவத்தை நான்தான் நிரப்பினேன். கண்ணாடியை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார், சின்ன எழுத்து அவருக்குத் தெரியவில்லை. பெயர், வயது, ஒவ்வாமை, சாப்பிடும் மாத்திரைகள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டே வந்தேன். இரண்டாம் பக்கத்தின் நடுவில் ‘புகைபிடிப்பவரா?’ என்றொரு கேள்வி. எதிரே இரண்டு கட்டங்கள். ஆம், இல்லை. என் பேனா அங்கே நின்றுவிட்டது. “என்னம்மா, அடுத்ததைக் கேளு” என்றார். கேட்டேன். அவர் உடனே பதில் சொல்லவில்லை. கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. அந்தப் பையில் சிகரெட் பாக்கெட் இருந்த காலம் போய்ப் பதினான்கு மாதம் ஆகியிருந்தது. இப்போது இருந்தது விரல் நீளத்தில் ஒரு இ-சிகரெட். “நீயே சொல்லு, எதுல டிக் பண்றது?” என்றார்.

“ஆம்னே போட்டுடறேன்ண்ணா. டாக்டருக்குத் தெரியறது நல்லதுதானே” என்றேன். மயக்க மருந்து கொடுப்பவருக்கு நிகோட்டின் விஷயம் தெரிந்திருக்க வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் நான் டிக் அடித்தது அதற்காக மட்டும் இல்லை. என் மனதுக்குள் அவர் இன்னும் புகைப்பவர்தான். ஒரு போதையைக் கீழே வைத்துவிட்டு இன்னொன்றைக் கையில் எடுத்துக்கொண்டார், அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். டிக் அடித்து முடித்ததும் அவர் மெதுவாகக் கேட்டார்: “அப்ப நான் விட்டது கணக்குல வராதா?” நான் பதில் சொல்லாமல் அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். அந்தக் கேள்வி மட்டும் என்னை விட்டுப் போகவில்லை.

அவர் புகைத்தது இருபத்து நான்கு வருடம். கடைசிப் பத்து வருடங்களில் நாளுக்கு முப்பதுக்குக் குறையாது. விட முயலாதவர் இல்லை. திடீரென்று ஒருநாள் நிறுத்திப் பார்த்தார், ஒன்பது நாள் தாங்கியது. நிகோட்டின் பட்டையைத் தோளில் ஒட்டிக்கொண்டார், தோல் சிவந்து அரித்தது. நிகோட்டின் சூயிங்கம் வாங்கினார், மற்ற சூயிங்கத்தைப் போலவே விடாமல் மென்றார், விக்கலும் நெஞ்செரிச்சலும் வந்தன. நாலைந்து முறை மென்று, நாக்கில் சுரீரென்றதும் கன்னத்தில் ஒதுக்கி வைக்க வேண்டும், அந்தச் சுரீர் அடங்கியபின் மறுபடி மெல்ல வேண்டும், உள்ளே போவது வாயின் உட்தோல் வழியாகத்தான் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அது எனக்கே பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. ஒவ்வொரு முறை தோற்றபோதும் வீட்டில் நாங்கள் எல்லோரும் ஒரே முகத்தை வைத்துக்கொண்டோம். மன உறுதி இல்லாதவரைப் பார்க்கும் முகம். அதை இப்போது நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

பிறகு ஒருநாள் யாரோ நண்பர் கொடுத்தார் என்று அந்தக் கருவியோடு வந்தார். மூன்று வாரத்தில் சிகரெட் நின்றுவிட்டது. அதற்கு முன் எதற்கும் நிற்காதது இதற்கு நின்றது. அதற்காக நான் மகிழ்ந்தேனா என்றால், இல்லை. சந்தேகப்பட்டேன்.

மருந்தா, புகையிலையா

அறுவை சிகிச்சை அறைக்கு வெளியே காத்திருந்த நான்கு மணி நேரத்தில்தான் இ-சிகரெட்டைப் பற்றி முதன்முதலாக உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். பிறகு பல மாதம் படித்தேன். இன்று பரவலாக இருக்கும் வடிவத்தை 2003 வாக்கில் உருவாக்கியவர் ஹான் லிக் என்ற சீன மருந்தாளுநர். அவரே கடுமையாகப் புகைத்தவர். அவருடைய தந்தை நுரையீரல் புற்றுநோயில் இறந்தவர். விட முடியாத ஒருவர் தனக்காகத் தேடிய வழியாகத்தான் அந்தக் கருவி பிறந்தது. அதன் பின்னால் இருக்கும் எண்ணம் இன்னும் பழையது. மக்கள் நிகோட்டினுக்காகப் புகைக்கிறார்கள், சாவதோ புகையிலுள்ள தாரினால் என்று லண்டன் மருத்துவர் மைக்கேல் ரஸ்ஸல் 1976-லேயே எழுதிவிட்டார். சிகரெட்டின் நுனி, இழுக்கும்போது சுமார் 900 டிகிரி செல்சியஸ் வரை எரிகிறது. அந்த எரிதலில் ஆயிரக்கணக்கான வேதிப்பொருள்கள் உண்டாகின்றன. அவற்றில் எழுபது போலப் புற்றுநோய் உண்டாக்குபவை. இ-சிகரெட்டில் எதுவும் எரிவதில்லை. நிகோட்டின் கலந்த திரவம் சூடாகி நுண்துளிகளாக வெளிவருகிறது. அது சுத்தமான காற்று என்று யாரும் சொல்லக் கூடாது. எரிந்த புகையும் அதுவும் ஒன்று என்றும் சொல்லக் கூடாது.

இந்த இடைநிலைதான் அரசுகளைத் திணற வைத்தது. ஒரு பொருளை ஒழுங்குபடுத்த வேண்டுமானால் முதலில் அது என்ன என்று ஒரு பெயர் வைக்க வேண்டும். அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் முதலில் இதை அங்கீகாரம் பெறாத மருந்து என்று சொல்லி இறக்குமதியைத் தடுத்தது. 2010 டிசம்பரில் அங்கே ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் வேறுவிதமாகத் தீர்ப்பளித்தது. நோயைக் குணப்படுத்தும், பழக்கத்தை விடவைக்கும் என்றெல்லாம் விற்பவர் சொல்லாதவரை இது புகையிலைப் பொருள்தான், புகையிலைச் சட்டத்தின்கீழ்தான் வரும் என்றது. அதன் விளைவைக் கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பார்க்க வேண்டும். சிகரெட்டை விட உதவும் என்று பெட்டியில் எழுதினால் அது மருந்தாகிவிடும், மருந்துக்குரிய பல வருடச் சோதனைகளைத் தாண்டியாக வேண்டும். எழுதாமல் மாம்பழச் சுவை, புதினாச் சுவை என்று விற்றால் வழி எளிது. எது விடுவதற்கு உதவுமோ அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாதவருக்கு வழி திறந்தது. சுவையையும் நிறத்தையும் பற்றியே பேசும் ஒரு சந்தை அப்படித்தான் வளர்ந்தது. 2016-இல் விதிகள் இறுகின, ஆனால் அதற்குள் அந்தச் சந்தை வளர்ந்து நின்றுவிட்டது.

பிரிட்டன் இரண்டு கதவுகளையும் திறந்து வைத்தது. சாதாரண நுகர்பொருளாக விற்கலாம், ஆனால் ஒரு மில்லிலிட்டரில் 20 மில்லிகிராமுக்கு மேல் நிகோட்டின் கூடாது, கலன் 2 மில்லிலிட்டரைத் தாண்டக் கூடாது. மருந்தாக உரிமம் வாங்கவும் வழி உண்டு. 2015-இல் ஒரு பெரிய சிகரெட் நிறுவனத்தின் கருவிக்கு அந்த உரிமமும் கிடைத்தது, ஆனால் அது கடைசிவரை விற்பனைக்கு வரவில்லை. பக்கத்துக் கதவு திறந்திருக்கும்போது, கடினமான கதவு வழியே யார் வருவார்கள்? ஆனாலும் அங்கே ஒரு நல்ல விஷயம் நடந்தது. புகையை விட உதவும் மையங்களில் இருப்பவர்கள் வருபவரின் கையில் இதைக் கொடுத்துப் பார்க்கத் தயங்கவில்லை. 2023-இல் பத்து லட்சம் பேருக்கு இலவசமாகக் கருவியும் கூடவே ஆலோசனையும் என்று ஒரு திட்டத்தையே அரசு அறிவித்தது.

அந்த மையங்களில் நடந்த ஓர் ஆய்வு 2019-இல் வெளியானது. 886 பேர். பாதிப் பேருக்கு இ-சிகரெட், பாதிப் பேருக்குப் பட்டை, சூயிங்கம் போன்ற அவரவர் விரும்பிய நிகோட்டின் மாற்று. இருவருக்கும் வாரந்தோறும் பேசித் தைரியம் சொல்ல ஆள் உண்டு. ஒரு வருடம் கழித்து இ-சிகரெட் குழுவில் 18 சதவீதம் பேர் புகையை விட்டிருந்தார்கள், மற்றதில் 9.9 சதவீதம். கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. இதோடு நிறுத்திக்கொள்பவர்கள் உண்டு, நான் நிறுத்தமாட்டேன். இ-சிகரெட்டால் விட்டவர்களில் 80 சதவீதம் பேர் அந்த ஒரு வருட முடிவிலும் அதைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். மற்றக் குழுவில் விட்டவர்களில் இன்னும் மாற்றைப் பயன்படுத்தியவர்கள் 9 சதவீதம்தான். அந்த எண்பது சதவீதத்தில் ஒருவர் என் அண்ணன் என்று அன்று எனக்குத் தோன்றியது. அதே சமயம், இ-சிகரெட் குழுவிலேயே நூற்றுக்கு எண்பத்திரண்டு பேருக்கு அது பலிக்கவில்லை என்பதும் அந்த ஆய்விலேயே இருக்கிறது. என் அண்ணன் ஒன்பதாவது நாள் தோற்றபோது நாங்கள் வைத்துக்கொண்ட முகத்தை மறுபடி நினைத்துக்கொண்டேன்.

பதினோரு நாள்

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. ஐந்து மாதம் கழித்து வேலை விஷயமாக அவர் ஒரு நாட்டுக்குப் போக வேண்டியிருந்தது. இ-சிகரெட்டை முழுக்கத் தடை செய்த நாடு. எந்த நாடு என்பது இங்கே முக்கியம் இல்லை, அப்படிப் பல நாடுகள் இருக்கின்றன. பிரேசில் 2009 முதல், தாய்லாந்து 2014 முதல், இந்தியா 2019 முதல். சிங்கப்பூரில் 2018 முதல் கையில் வைத்திருப்பதே குற்றம். இவை எல்லாவற்றிலும் சிகரெட் சட்டப்படி கிடைக்கிறது. சட்டத்தை மீறும் ஆள் இல்லை அண்ணன். கருவியை மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் கிளம்பினார். “பதினோரு நாள்தானே, பல்லைக் கடிச்சிக்கறேன்” என்றார். அண்ணி பையில் சூயிங்கம் ஒரு அட்டை வைத்தார். நான் எதுவும் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கு உள்ளுக்குள் ஒரு திருப்தி. இதோ, சட்டமே அவரை அந்தக் கருவியிலிருந்து பிரித்து வைக்கிறது, பதினோரு நாளில் அதுவும் விட்டுப்போகும் என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் இரவு பதினொன்றரைக்குப் போன் செய்தார். குரலிலேயே தெரிந்தது. அன்று கூட்டம் நீண்டுவிட்டது, யாரோ கடுமையாகப் பேசிவிட்டார்கள், அறைக்குத் திரும்பும் வழியில் ஒரு கடை திறந்திருந்தது. கல்லாவுக்குப் பின்னால் சுவர் முழுக்கச் சிகரெட் அடுக்கியிருந்தது என்றார். அந்தச் சுவரைத்தான் அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். “ஒண்ணுதான்னு வாங்கினேம்மா. பாதியிலயே அணைச்சிடலாம்னு நினைச்சேன்.” ஒரு பாக்கெட் முழுக்கத் தீர்ந்திருந்தது. பேசி முடித்தபின் நான் விளக்கைப் போடாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பத்தொன்பது மாதம். பதினான்கு மாதத்தில் நான் டிக் அடித்த அந்த ‘ஆம்’, அன்றைக்கு உண்மையாகிவிட்டது. அன்றுவரை அது பொய்யாக இருந்தது என்பது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. அவர் விட்டிருந்தார். கணக்கில் எடுத்துக்கொள்ளாதது நான்.

ஊர் திரும்பியபின் கருவியைத் தொடவில்லை. சிகரெட்டே இருக்கும்போது அது எதற்கு என்று சொல்லிவிட்டார். ஐந்து மாதம் அப்படிப் போனது.

அந்த ஐந்து மாதத்தில் என் கருத்து ஒரே நாளில் மாறிவிடவில்லை. தடை செய்த அரசுகள் எதையும் யோசிக்காமல் செய்தன என்று நான் சொல்லவும் மாட்டேன். என் தோழி ஒருத்தி பள்ளி ஆசிரியை. அவள் வகுப்பில் பதினான்கு வயதுப் பெண் ஒருத்தி நாற்பது நிமிடம் தொடர்ந்து உட்கார முடியாமல் கழிப்பறைக்கு ஓடுவாள். பென் டிரைவ் போன்ற ஒன்று அவள் பையிலிருந்து விழுந்த அன்று விஷயம் வெளியே வந்தது. அந்தப் பெண் வாழ்க்கையில் ஒரு சிகரெட்டைக்கூடத் தொட்டதில்லை. விடுவதற்கு அவளிடம் எதுவும் இருக்கவில்லை, அந்தக் கருவிதான் அவளைப் பிடித்தது. நிகோட்டினோடு அமிலம் சேர்த்து உப்பாக மாற்றினால் தொண்டையில் காரம் குறைந்துவிடும், அதனால் அதிக அளவையும் அவ்வளவாக இருமல் இல்லாமல் இழுத்துவிடலாம். முப்பது சிகரெட் பிடித்தவருக்கு அது வரம். குழந்தைக்கு அது கண்ணி. அமெரிக்காவில் 2019-இல் உயர்நிலைப் பள்ளி மாணவர்களில் 27.5 சதவீதம் பேர் முந்தைய முப்பது நாளில் ஒருமுறையாவது இழுத்திருந்தார்கள். அந்த எண்ணைப் பார்த்த எந்த அரசும் பதறத்தான் செய்யும், பதற வேண்டும். அந்தப் பெண்ணின் தாய் என்னிடம் வந்து, முழுக்கத் தடை செய்யாமல் என்ன செய்கிறார்கள் என்று கேட்டால், அவரோடு வாதாட எனக்கு வாய் வராது.

அதே 2019-இல் அமெரிக்காவில் இ-சிகரெட் இழுத்த ஆயிரக்கணக்கானோர் நுரையீரல் பாதிப்பால் மருத்துவமனைக்குப் போனதும் பலருக்கு நினைவிருக்கும். 2020 பிப்ரவரிக்குள் 2,807 பேர் பாதிக்கப்பட்டார்கள், 68 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் கஞ்சாச் சாறு நிரப்பிய, முறைசாரா வழியில் வந்த குப்பிகளும் அவற்றில் கலந்த வைட்டமின் ஈ அசிட்டேட்டும்தான் காரணம் என்று பிறகு தெளிவானது. அந்தத் தெளிவு செய்தியைப் போல வேகமாகப் பரவவில்லை. இ-சிகரெட்டும் சிகரெட்டும் ஒரே அளவு கெடுதல் என்று அதற்குப்பின் நம்ப ஆரம்பித்தவர்களில் நானும் ஒருத்தி.

கைக்கு எட்டுவது எது

அந்த இரவுக்குப்பின் எனக்குள் தங்கிவிட்ட எண்ணம் ஒன்றுதான். சட்டம் ஒரு பொருளைத் தனியே எடுத்து மேசைமேல் வைத்துப் பார்க்கிறது, இது கெடுதலா என்று கேட்கிறது. பழக்கத்தில் மாட்டியவர் எதையும் தனியே பார்ப்பதில்லை. இரவு பதினொன்றரை மணிக்கு எது கைக்கு எட்டுகிறதோ அதுதான் அவருக்கு. அந்த நாட்டின் சட்டம் என் அண்ணன் கைக்கு எட்டாத தூரத்தில் இ-சிகரெட்டைக் கொண்டுபோய் வைத்தது. சிகரெட்டை எட்டும் தூரத்திலேயே விட்டுவைத்தது. விடவைக்கும் எதையும் ஒழுங்குபடுத்தும்போது அரசு கேட்க வேண்டிய முதல் கேள்வி இது: நாம் தடுக்கும் இந்தப் பொருளுக்குப் பக்கத்தில் அதே அலமாரியில் என்ன இருக்கிறது?

ஆஸ்திரேலியா எடுத்த வழியை நான் ஆசையோடு கவனித்தேன். இது விடுவதற்கான கருவி என்றால் மருந்துபோலவே நடத்துவோம் என்று 2021 அக்டோபரில் மருத்துவர் சீட்டைக் கட்டாயமாக்கினார்கள். எனக்கு அது நியாயமாகப் பட்டது. குழந்தை கையில் விழாது, பெரியவருக்குக் கிடைக்கும். நடந்தது வேறு. சீட்டு எழுத முன்வந்த மருத்துவர்கள் குறைவு, பயன்படுத்தியவர்களில் பெரும்பாலோர் சீட்டில்லாமல் கள்ளச் சந்தையில் வாங்கினார்கள். சிகரெட்டை மட்டும் எந்தச் சீட்டும் இல்லாமல் கடையில் வாங்க முடிந்தது. 2024 ஜூலையில் மருந்துக்கடைகளில் மட்டுமே விற்கலாம் என்று ஆக்கினார்கள், அக்டோபரில் பெரியவர்களுக்குச் சீட்டு வேண்டாம், மருந்தாளுநரிடம் பேசி வாங்கலாம் என்று தளர்த்தினார்கள். அந்தத் தளர்வு எனக்குப் பிடித்திருக்கிறது. முக்கியமாக அந்தப் ‘பேசி வாங்கலாம்’ என்பது. சூயிங்கத்தைக் கன்னத்தில் ஒதுக்கி வையுங்கள் என்று அண்ணனிடம் சொல்ல அன்று ஒரு மருந்தாளுநர் இருந்திருந்தால் கதையே வேறு மாதிரி போயிருக்கலாம்.

குழந்தைகள் பக்கம் சட்டம் எவ்வளவு இறுகினாலும் எனக்குச் சம்மதம். மிட்டாய் நிறத்தில், தீர்ந்ததும் தூக்கிப்போடும் கருவிகளைப் பிரிட்டன் 2025 ஜூனில் தடை செய்தது, அதே மாதம் நியூசிலாந்தும் செய்தது. விட நினைக்கும் ஐம்பது வயதுக்காரருக்கு அந்த நிறம் தேவையில்லை. அமெரிக்காவில் அந்த 27.5 சதவீதம் 2024-இல் 7.8 ஆக இறங்கியிருக்கிறது, பெரியவர்களுக்குக் கதவை முழுக்க அடைக்காமலே. வயதுச் சோதனை, விளம்பரத் தடை, வலிமைக்கு வரம்பு எல்லாம் இருக்கட்டும். முழுத் தடைதான் வேண்டும் என்று முடிவு செய்யும் அரசுகளிடம் எனக்கு ஒரே கேள்வி உண்டு. அடைத்த கதவுக்குப் பதிலாக எதைத் திறந்தீர்கள்? உலக சுகாதார நிறுவனம் 2024-இல் புகையிலையை விடுவதற்கான சிகிச்சை வழிகாட்டி ஒன்றை வெளியிட்டது. அதில் இ-சிகரெட் இல்லை. வேரனிக்ளின், புப்ரோபியான், சைட்டிசின் என்ற மருந்துகளும் நிகோட்டின் மாற்றுகளும் இருக்கின்றன. சைட்டிசின் ஒரு செடியின் விதையிலிருந்து எடுப்பது, கிழக்கு ஐரோப்பாவில் 1960-களிலிருந்து புழக்கத்தில் இருப்பது. சரி, இவற்றைக் கொடுங்கள். சிகரெட் கிடைக்கும் எல்லா இடத்திலும், சிகரெட் கிடைக்கும் எல்லா நேரத்திலும் கொடுங்கள். அதைச் செய்துவிட்டுத் தடை போட்ட அரசோடு எனக்குச் சண்டை இல்லை.

அண்ணன் மறுபடி விட்டார். இந்த முறை வேரனிக்ளின் மாத்திரை பன்னிரண்டு வாரம், முதல் இரண்டு மாதம் கூடவே அந்தப் பழைய கருவி. அதில் நிகோட்டினை மில்லிலிட்டருக்கு 12 மில்லிகிராமில் தொடங்கி 6, பிறகு 3 என்று இறக்கினார். வாரம் ஒருமுறை ஒரு செவிலியர் போனில் பேசுவார். அந்தப் பேச்சுக்காக ஞாயிறு மாலையே குறிப்பு எழுதி வைத்துக்கொள்வார். நான் இந்த முறை எந்த முகத்தையும் வைத்துக்கொள்ளவில்லை. வைக்காமல் இருக்க முயற்சி தேவைப்பட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

போன மாதம் நுரையீரல் பரிசோதனைக்குக் கூட்டிப் போனேன். கையில் சின்னக் கருவி ஒன்றைக் கொடுத்து ஊதச் சொன்னார்கள். மூச்சில் கார்பன் மோனாக்சைடு எவ்வளவு என்று காட்டுவது அது. எரிந்த புகையை உள்ளே இழுத்தவருக்குத்தான் அந்த எண் ஏறும். திரையில் 2 என்று வந்தது. புகைக்காதவருக்கு வரும் எண். அண்ணன் அதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒருமுறை, கழற்றிவிட்டு ஒருமுறை பார்த்தார். அங்கிருந்த பெண் தன் நோட்டைத் திறந்து, “கடைசி சிகரெட் எப்போ சார்?” என்று கேட்டார். ஆம், இல்லை என்று எதையும் கேட்கவில்லை. அண்ணன் தேதியைச் சொன்னார். அவர் எழுதி முடித்து நோட்டை மூடப்போனார்.

“ஒரு நிமிஷம்மா” என்றார் அண்ணன். “அதுக்கு முன்னாடி பத்தொன்பது மாசம் விட்டிருந்தேன். அதையும் எழுதிக்குங்க.”